பசுமைப் பரப்பும் பட்டா இல்லாதவர்களும்

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநில நிலப்பரப்பில் அப்போது 23.7 விழுக்காடாக இருந்த காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. காப்புக் காடுகளுக்குள் மட்டும் நட்டு இந்த இலக்கை எட்ட முடியாது. எஞ்சுவது காட்டுக்கு வெளியே உள்ள நிலம்தான். ஒருபுறம் உழவர்களின் வரப்பும் தோட்டமும்; மறுபுறம் ஊராட்சியின் மேய்க்காலும் தோப்பும் ஏரியின் உள்வாயும். மரம் வளர்ப்புக்கென ஒதுக்கப்படும் அரசுப் பணத்தில் பெரும்பகுதி இனி இந்த இருவகை நிலங்களை நோக்கியே செல்லவிருக்கிறது.

இந்த இருவகை நிலத்திலும் தலித் மக்களின் இடம் எது என்ற கேள்வியைத் திட்ட ஆவணங்கள் எழுப்புவதில்லை. முதல் வகை நிலம் அவர்களில் பெரும்பாலோரிடம் இல்லை. இரண்டாம் வகை நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக அவர்கள் பயன்படுத்துகிறார்கள்; ஆனால் கையில் ஆவணம் இல்லை. ஆகவே மானியம் அவர்களை எட்டாமல் போவது ஒரு பாதி என்றால், அதே மானியத்தின் பெயரால் அவர்கள் வெளியேற்றப்படுவது மறுபாதி. இந்த இரண்டாம் பாதியைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் தனியார் நிலம். 2021ஆம் ஆண்டு முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தின்படி, வரப்பில் நட ஏக்கருக்கு 50 கன்றுகளும், செறிவாக நட 160 கன்றுகளும் இலவசமாகத் தரப்படுகின்றன. உயிருடன் இருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. இதற்கு முன் 2011இல் தொடங்கிய, ஜப்பானிய நிதியுதவி பெற்ற பல்லுயிர்ப் பாதுகாப்பு மற்றும் பசுமையாக்கல் திட்டத்திலும் தனியார் நிலங்களில் மரம் வளர்ப்பு ஒரு முக்கியக் கூறாக இருந்தது. திட்டங்கள் மாறினாலும் வாசற்படி மாறவில்லை. சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்; இந்திய அளவில் 16.6 விழுக்காடு. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினரிடம் இருந்தது 9 விழுக்காட்டைத் தாண்டவில்லை. ஏக்கர் கணக்கில் வழங்கப்படும் எந்த மானியமும் ஏக்கர் உள்ளவரிடமே போய்ச் சேரும். ஆதிதிராவிடர், பழங்குடிச் சிறு குறு உழவர்களுக்கு வேளாண் கருவிகளுக்குக் கூடுதலாக 20 விழுக்காடு மானியம் என்று அரசு அறிவித்ததை நாம் வரவேற்கவே செய்கிறோம். ஆயினும் கூடுதல் மானியம் பெறுவதற்கும் முதலில் நிலம் வேண்டுமே!

மரம் நெல்லைப் போன்றதன்று. அது ஆண்டுக் கணக்கில் நிற்பது. நிலத்தை வாரத்துக்கோ வாய்மொழிக் குத்தகைக்கோ உழுகிறவர் மரம் நட முடியாது. நட்டால் நிலத்தில் உரிமை கோருகிறார் என்று உடைமையாளர் அஞ்சுவார். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் புத்தகத்தில் இருந்தாலும், அதன்கீழ்ப் பெயர் பதிந்துகொண்ட தலித் குத்தகையாளர்களைத் தேடித்தான் காண வேண்டும். மாறாக, உடைமையாளர் தம் நிலத்தைச் சவுக்கு, தைலம், மலைவேம்பு என்று மாற்றினால் குத்தகையாளருக்கு நிலம் போகிறது. நாற்று நடவும் களையெடுப்பும் அறுப்பும் நின்றுபோவதால் கூலி வேலையும் போகிறது. மரப்பயிருக்கு ஆள் தேவை குறைவு என்பதை அதன் சிறப்பாகவே விளம்பரம் செய்கிறார்கள். அந்தக் குறைந்த ஆட்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இதைவிடக் கூர்மையான சிக்கல் பஞ்சமி நிலத்தில் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையுடன் ஒப்படை செய்யப்பட்ட நிலங்கள் இவை. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக்கூடாது, அதன் பின்னும் அதே வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று பிறர் கையில் உள்ளது. 1979க்கும் 1987க்கும் இடையில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது, பழைய அ-பதிவேட்டில் இருந்த டி.சி. குறிப்புகள் பல புதிய பதிவேட்டுக்கு வராமலே போயின. காரணையில் பஞ்சமி நில மீட்புக்காகத் திரண்டதன் தொடர்ச்சியாக, 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையானதை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட நிலத்தில் இன்றைய அனுபோகதாரர் மரம் நட அரசு கன்று கொடுக்கிறது. ஊக்கத்தொகைக்காக அலுவலர் வந்து கன்றுகளை எண்ணி ஒப்பமிடுகிறார். அடங்கலில் பயிர் கலத்தில் மரத்தின் பெயர் ஏறுகிறது. நிபந்தனையை மீறிய மாற்றம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் பலமுறை கூறியிருந்தாலும், மீட்பு வழக்கில் எதிர்த்தரப்பு வைக்கும் முதல் கட்டு இத்தகைய ஆவணங்கள்தான். அரசே என்னை உழவராக ஏற்று உதவியிருக்கிறது, பல ஆண்டு வளர்ந்த மரங்கள் நிற்கின்றன, இப்போது வெளியேறச் சொல்வது நியாயமா என்று அவர் கேட்பார். சட்டத்தில் இந்த வாதம் நிற்காது. நிற்காது என்று நிறுவுவதற்குள் மரம் வெட்டி விற்கப்பட்டிருக்கும். மரம் நட உதவி வழங்குமுன் சர்வே எண்ணைப் பழைய அ-பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அரசாணை போதும். பணமும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம்.

இனி ஊர்ப் பொது நிலம். பொது நிலம் என்ற சொல்லே சற்று ஏமாற்றுவது. ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் 'பொது' என்பது யாருடைய பொது? 1981இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தமிழ்நாட்டில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியபோது ஏரி உள்வாய்களில் கருவேலம் நடப்பட்டது. புறம்போக்குகளிலும் தோப்புகள் எழுந்தன. மரம் வளர்ந்தது, ஏலம் நடந்தது, பணம் வந்தது. ஆனால் கன்று நட்ட நாள் முதல் அங்கே ஆடு மாடு மேயக்கூடாது என்றானது. நிலமில்லாதவரின் ஆடு வேறெங்கே மேயும்? சொந்தத் தோட்டம் உள்ளவருக்கு மேய்க்கால் மூடப்படுவது சிறு இடைஞ்சல். இல்லாதவருக்கு அது இரண்டு ஆட்டை விற்றுவிட வேண்டிய நாள். கோடையில் வற்றிய ஏரியின் உள்வாயில் பயிர் செய்தவர்களுக்கும், விறகு பொறுக்கிய பெண்களுக்கும் நேர்ந்ததும் இதுவே. இராமநாதபுரம் பக்கத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி சுட்டுப் பிழைத்தவர்கள் நிலையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அம்மரத்தை அகற்ற வேண்டும் என்பதில் நமக்கும் மறுப்பில்லை. அந்த இடத்தில் நடப்படும் நாட்டு மரத்தின் பலன் யாருக்கு என்பதே நம் கேள்வி.

ஏலத்தின் அரசியலை அறிய மேலவளவைப் பார்த்தாலே போதும். 1996இல் அவ்வூராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்புக்குச் சாதிப் பெருமிதம் மட்டும் காரணமன்று. கண்மாய் மீன், மரம், பொது நிலம் ஆகியவற்றின் ஏலமும் வருவாயும் கைமாறும் என்ற அச்சமும் அதில் இருந்தது. தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டனர். புளியமர ஏலத்தில் தலித் ஒருவர் கேள்வி கேட்க முடியாத ஊர்கள் இன்றும் உண்டு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 மேய்க்கால், களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டுமந்தை, தோப்பு ஆகிய புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் வைக்கிறது. அந்தப் பொறுப்புடன் அரசின் பசுமை நிதியும் சேரும்போது, ஊராட்சியில் ஆதிக்கம் செலுத்தும் சாதியின் கையில் வேலியும் வந்துவிடுகிறது. வேலியை வனத்துறையே போட்டுத் தருகிறது.

நிலமற்றோர் புறம்போக்கில் ஒரு துண்டைத் திருத்திப் பயிர் செய்தால் பி-மெமோ வருகிறது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் அறிவிப்பு, 6ஆம் பிரிவில் அகற்றம். மரக்கன்றுத் திட்டம் ஒன்று வந்துவிட்டால் பல்லாண்டு தூங்கிய கோப்பு விழித்துக்கொள்கிறது. அகற்றுவோர் ஆயுதமாக எடுப்பது உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பை. கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. சரிதான். ஆனால் அதே தீர்ப்பு ஒரு விதிவிலக்கையும் சொல்கிறது. அரசு அறிவிப்பின்படி நிலமற்ற தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கோ குத்தகை தரப்பட்டிருந்தால் அதை முறைப்படுத்தலாம் என்கிறது. அகற்றல் அறிவிப்புகளில் தீர்ப்பின் முதற்பகுதி மேற்கோளாக வருகிறது, விதிவிலக்கு வருவதில்லை. எதிர்வாதம் எழுதும் வழக்கறிஞர் தோழர்கள் அந்தப் பத்தியை முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற கோரிக்கை ஆவணத்தில், சாகுபடியில் இல்லாத, யாருடைய அனுபோகத்திலும் இல்லாத அரசு நிலங்களை ஒரு குடியேற்ற ஆணையத்திடம் ஒப்படைத்துப் பட்டியல் சாதியினருக்காக அறங்காவல் முறையில் வைத்திருக்க வேண்டும் என்று கோரினார். தரிசு எது, அது யாருக்கு என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. மகாராட்டிரத்தில் தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் 1964-65இல் நடந்த நில சத்தியாகிரகமும் இதையே கேட்டது. மேய்ச்சல் நிலத்தைத் திருத்திப் பயிரிட்ட தலித் குடும்பங்களின் அனுபோகத்தை முறைப்படுத்த அம்மாநில அரசு 1991இல் ஆணையிட்டதற்குப் பின்னால் அந்த நீண்ட போராட்டம் இருந்தது.

நிலத்தின் உரிமையை உடனே மாற்ற இயலாத இடங்களில்கூட மரத்தின் உரிமையைத் தர முடியும். அதற்குத் தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் பழைய கருவி ஒன்றே உள்ளது. கிராமக் கணக்குகளில் 2-சி என்று ஒன்று உண்டு, மரப்பட்டா. நிலம் அரசுடையதாகவே இருக்க, அதில் நிற்கும் புளியையோ பனையையோ பேணி அதன் பலனை அனுபவிக்கும் உரிமையை மரவரி பெற்றுக்கொண்டு ஒருவருக்குத் தருவது அது. மரமும் மண்ணும் பிரிக்க முடியாதவை என்று நமக்குச் சொல்லப்படும் இடத்தில், பிரித்தே கணக்கு வைத்திருக்கிறது வருவாய்த்துறை!

பிற மாநிலங்கள் இதை விரிவாகச் செய்து பார்த்திருக்கின்றன. பீகாரில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ்ச் சாலையோரங்களில் 200 மரங்களை ஓர் அலகாக்கி, நான்கு ஏழைக் குடும்பங்களிடம் பராமரிப்பை ஒப்படைத்தார்கள். கூலியும் அவர்களுக்கு, பலனில் உரிமையும் அவர்களுக்கு. மேற்கு வங்கத்தில் 1980களில், நிலமற்றோருக்குப் பட்டா தரப்பட்ட தரிசுத் துண்டுகளில் குழுவாக மரம் வளர்த்துச் சில ஆண்டுகளில் விற்று, அந்தப் பணத்தில் உழுநிலம் வாங்கிய குடும்பங்கள் உண்டு. பஞ்சாபின் 1964ஆம் ஆண்டு கிராமப் பொது நில விதிகள், குத்தகைக்கு விடப்படும் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்குகின்றன. அங்கும் பினாமி ஏலம் நடக்கத்தான் செய்தது. சங்ரூர் மாவட்டத்தில் நிலப் போராட்டக் குழு திரண்டு நின்ற ஊர்களில்தான் விதி நிலத்தில் இறங்கியது. ஆனால் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு விதி இருந்தது. தமிழ்நாட்டில் பொது நில மரங்களின் பலனில் அப்படியொரு கட்டாயப் பங்கு இல்லை.

மரம் எல்லோருக்கும் நிழல் தருகிறது, இதிலுமா சாதியைப் பார்ப்பீர்கள் என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. நிழலைப் பற்றி நாம் வழக்கு நடத்தவில்லை. வெட்டுமரத்தின் விலை, ஏல உரிமை, மேய்ச்சல் பாதை, இடுகாட்டுக்குச் செல்லும் வழி ஆகியவை பற்றியே பேசுகிறோம். அரசுப் பணம் செலவாகும் இடத்தில் அரசமைப்பின் 46ஆம் உறுப்பு சொல்லும் தனிக்கவனம் செயலுக்கு வர வேண்டும் என்கிறோம்.

எனவே ஊராட்சி நிலத்தில் பசுமை நிதியால் நடப்படும் மரங்களின் பலனில், மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கை நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில், 2-சி மரப்பட்டாவாகத் தர வேண்டும். வேலி போடுமுன் மேய்ச்சல், விறகு, பாதை ஆகிய பயன்பாடுகளைக் கிராம சபையில் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சபை சேரித் தெருவிலும் ஒருமுறை கூட வேண்டும். உள்ளூரில் செய்யக்கூடியது இப்போதே உண்டு. உங்கள் ஊரின் 2-சி கணக்கு, மேம்பாட்டுக்கு முந்தைய அ-பதிவேடு, கடந்த ஐந்தாண்டு மர ஏலப் பதிவுகள் ஆகிய மூன்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேளுங்கள். முதல் இரண்டும் வட்டாட்சியர் அலுவலகத்திலும், மூன்றாவது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் கேட்க வேண்டியவை. முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு மேலும் முப்பது நாள் அவகாசம் உண்டு.