மரை கழண்டது யாருக்கு?

கிறுக்குத்தனம் பண்ணுகிறவனை நம்மூரில் "மரை கழண்ட கேஸ்" என்போம். இங்கே கொச்சியில் "பிரி போயி" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். பிரி என்றாலும் மரைதான். மரை போனால் ஆள் குளோஸ் என்று ரெண்டு மொழிக்காரரும் முடிவு கட்டியாச்சு. மனுஷ மண்டைக்கு அது எப்படியோ, அலுமினிய எஞ்சினுக்குச் சுத்தப் பொய். இந்தப் பொய்யை வைத்துத்தான் ஏசி போட்ட சர்வீஸ் சென்டர்கள் நம் குடும்பங்களிடம் காசு கறக்கின்றன.

இன்ஃபோபார்க் வேலைக்காகக் காக்கநாடு வந்து சேர்ந்த நம்மாட்கள் பலர் வீட்டில் இன்னும் டிஎன் நம்பர் வண்டிதான் நிற்கிறது. என் பைக்கும் அப்படித்தான். ஆயில் மாற்றக் கொடுத்த இடத்தில் டிரெயின் போல்ட்டின் மரையை உரித்துவிட்டு, "கிராங்க்கேஸ் மாத்தணும் சார், எஞ்சினை முழுசா இறக்கணும்" என்றார்கள். பித்தான் தெறித்ததற்குச் சட்டையையே மாற்றுகிற கதை!

மரை தானாகப் போவதில்லை சாமி. அலுமினியம் எஃகைவிட ரொம்ப மெது. சின்ன பைக்கின் 12 மில்லி டிரெயின் போல்ட்டுக்கு ஏறக்குறைய 25, 30 நியூட்டன் மீட்டர் முறுக்கம் போதும். டார்க் ரெஞ்சைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, நீள ஸ்பானரைப் போட்டு உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்து இறுக்கினால் மரை சுருள் சுருளாகப் போல்ட்டோடு வெளியே வரும். போதாததற்குக் கடற்கரை ஊர். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். போல்ட் இறுகிக்கொள்ளும், கழற்றினால் மரையும் சேர்ந்து வரும்.

இதற்கு வைத்தியம் ஹெலிகாயில். ஸ்பிரிங் போலச் சுற்றிய ஸ்டெயின்லெஸ் கம்பி, அவ்வளவுதான். மட்டாஞ்சேரிப் பக்கம் படகு அவுட்போர்டு எஞ்சின் பார்க்கும் ஒரு பட்டறையில் எனக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அவுட்போர்டு எஞ்சின் அலுமினியம், அதுவும் உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிறது. அந்த ஆசானுக்கு இது தினப்படி வேலை. ஓட்டையைச் சுமார் 12.5 மில்லிக்குப் பெருக்கி, துகள் உள்ளே விழாமலிருக்க டேப்பில் கிரீஸ் தடவி, நாலு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து மரை வெட்டினார். கம்பிச் சுருளை விளிம்புக்குக் கால் சுற்று உள்ளே இறக்கினார். கொஞ்சம் ஆயிலை ஊற்றிக் கழுவிவிட்டு, புது வாஷரோடு போல்ட். பில் ஐந்நூறு ரூபாய்க்குள்.

"ஒட்டுப்போட்டது எத்தனை நாள் தாங்கும்?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு: சுருளின் வெளிவட்டம் பழைய மரையைவிடப் பெரிசு. அதனால் அலுமினியத்தில் பிடிமானப் பரப்பு கூடுகிறது. சுமையும் முதல் ஒன்றிரண்டு சுற்றிலேயே குவியாமல் பரவுகிறது. விமானங்களின் அலுமினியப் பாகங்களில் புதிதாகச் செய்யும்போதே இதைப் போடுகிறார்கள். அங்கே இது ஒட்டு இல்லையாம், எஞ்சினியரிங்!

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இதன் பெரியண்ணனைப் பார்த்திருப்பார்கள். 2002-06 டொயோட்டா கேம்ரியின் 2.4 லிட்டர் எஞ்சினில் சிலிண்டர் ஹெட் போல்ட்டின் மரை அலுமினிய பிளாக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். கூலன்ட் கசியும், எஞ்சின் கொதிக்கும். எஞ்சினையே மாற்றுவதற்குப் பதிலாக, தனி மெக்கானிக்குகள் வழிகாட்டித் தகட்டைப் பூட்டி நேராகத் துளைத்து, டைம்-செர்ட் என்ற கெட்டி எஃகு புஷ்ஷைப் பத்து போல்ட்டுக்கும் போட்டு வண்டியை ஓட விட்டார்கள்.

தெருமுனை ஆட்களையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்சீல் அப்புவது, பெரிய போல்ட்டைக் கோணலாக முறுக்கி ஏற்றுவது எல்லாம் கொலைக்குச் சமம். பிளாக்கில் விரிசல் ஓடியிருந்தாலோ, பெரிதாகத் துளைக்கச் சுவரில் கனம் இல்லாவிட்டாலோ மாற்றத்தான் வேண்டும். அதை மறுக்கவில்லை.

ஆகவே, "பிளாக் மாத்தணும்" என்று யாராவது எஸ்டிமேட் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். இன்செர்ட் ஏன் போட முடியாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விரிசல் என்றால் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் வண்டியை டெம்போவில் ஏற்றி ஒரு நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். டெம்போ வாடகையையும் சேர்த்தாலும் மிச்சம்தான்.