கீபோர்டைப் பிடுங்காதீர்கள்!

கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் தெரிந்த பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல். கற்க வந்த தோழியிடம், "தள்ளு, நான் செய்றேன்" என்று கீபோர்டைப் பிடுங்கி, கடகடவென்று நாலு கட்டளை அடித்துவிடுகிறீர்கள். அவளுக்கு என்ன புரியும்? அவளே அடிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் 'பிடபிள்யூடி' என்று அடிக்கச் சொல்லுங்கள். எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று காட்டும். 'எல்எஸ்' அடித்தால் அங்குள்ள ஃபைல்கள் வரும். பெரிய எழுத்தில் அடித்தால் வராது! கடவுச்சொல் அடிக்கும்போது பெரும்பாலும் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று புதியவர்கள் பயந்துபோவார்கள். முன்பே சொல்லிவிடுங்கள். 'ஆர்எம்' கட்டளையால் அழித்த ஃபைல் குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். அதனால் அது மட்டும் கடைசியில்.

"இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் உருவாக்கிவந்த லினக்ஸைப் பற்றி அறிவித்தபோது, அதில் என்ன வசதிகள் வேண்டும் என்று மற்றவர்களிடம்தான் கேட்டார். அப்போது அவருக்கு வயது 21.

வீட்டுக் கணினியில் உடனே நிறுவ வேண்டாம். அப்பா, அம்மாவிடம் கேட்டுவிட்டு, பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம்.