குடுவையில் பிறந்த புலி

சிங்கப்பூர்ச் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களை அண்ணாந்து பார்த்தால், சில கிளைகளின் கவட்டில் கரும்புத் தோகையைப் போல ஒரு புதர் சரிந்து கிடப்பது தெரியும். நம்மூர்க்காரர் கண்ணுக்கு அது புல்லுருவி. ஆனால் அது மரத்தின் சாற்றில் ஒரு சொட்டையும் தொடுவதில்லை. பட்டையைப் பற்றிக்கொண்டு, மழையையும் காற்றையும் உதிர்ந்த சருகையும் நம்பியே காலம் தள்ளுகிறது. அதுதான் புலி ஆர்க்கிட். உலகின் ஆர்க்கிட் இனங்களிலேயே பெரியது. முதிர்ந்த செடி ஒரு டன் எடையையும் தாண்டும். ஆள் உயரத்தை மிஞ்சும் பூந்தண்டில், மஞ்சள் இதழ்மேல் செம்பழுப்புப் புள்ளிகள். தாவரவியல் பூங்காவில் 1861-இல் நட்ட செடி ஒன்று பெரும் புதராகப் படர்ந்து நிற்கிறது.

தீவின் காடுகளில் ஏறக்குறைய காணாமலே போன இந்த இனம், இன்று சாலையோர மரத்தில் பூக்கிறதென்றால் அதற்கு ஆய்வுக்கூடம் காரணம். மண்ணுக்குரிய ஆர்க்கிட்களை மீட்கும் பணியைப் பூங்கா 1995-இல் தொடங்கியது.

ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. நெல்லுக்குள் அரிசி இருப்பதுபோல அதற்குள் சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். லட்சக்கணக்கில் பறந்தாலும் தப்பிப் பிழைப்பவை சொற்பம். பூஞ்சையின் வேலையைச் சர்க்கரையே செய்துவிடும் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூர்ப் பூங்காவில் தாவரவியலாளர் ஹோல்ட்டம் அந்த முறையைக் கையாளத் தொடங்கிவிட்டார். விதையை முளைக்க வைக்கும் குடுவையின் அடியில் உறைந்திருப்பது வேறொன்றுமில்லை, நோன்பு மாதத்தில் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசிதான். கூடச் சர்க்கரையும் உப்புச்சத்துகளும். அதன்மேல் தூவிய விதைகள் முதலில் பச்சைக் கடுகுபோல உருண்டு, பிறகு இலையும் வேரும் விடுகின்றன.

இதுவரை எல்லாம் சுகம். நாற்றைக் குடுவையிலிருந்து எடுக்கும் நாளில்தான் கண்டம். ஈரம் ததும்பும் குடுவைக்குள்ளேயே வளர்ந்த இலையில் மெழுகுப்பூச்சு மெல்லிது. வெளிக்காற்று பட்டால் சில மணி நேரத்தில் துவண்டுவிடும். வேரில் ஒட்டிய கடல்பாசியை நீரில் அலசி அலசி நீக்க வேண்டும். துளி மிஞ்சினாலும் அதிலுள்ள சர்க்கரைக்குப் பூஞ்சை வந்துவிடும், இம்முறை உதவ அல்ல, அழுகவைக்க. பிறகு கரித்துண்டுகள் நிரப்பிய தொட்டியில் கூட்டமாக நட்டு, பிளாஸ்டிக் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாலும் சில போகும். மிஞ்சியவற்றை மரத்தில் கட்டிய பின், பூவைப் பார்க்கப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

ஆகவே, "ஆய்வுக்கூடத்தில் இத்தனை ஆயிரம் நாற்றுகள் உருவாக்கினோம்" என்ற அறிவிப்பைக் கேட்டு யாரும் கைதட்டிவிடக் கூடாது. குடுவைக் கணக்கு பாதிக் கணக்குதான். கட்டிய செடிகளில் எத்தனை வேர்பிடித்தன, எத்தனை பூத்தன, பூச்சி தேடி வந்து எத்தனை காய் பிடித்தன என்பதே மீதி. எந்த நாற்று என்பதும் முக்கியம். திசு வளர்ப்பில் ஒரே செடியை நகலெடுப்பது பூக்கடைக்குப் போதும்; காட்டுக்கு அனுப்புவதற்கு விதை நாற்றே நல்லது, ஒவ்வொன்றும் வெவ்வேறு குணத்தோடு பிறப்பதால். ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாய்ச் சாகாது.

சிங்கப்பூர் 1981-இல் தேசிய மலராகத் தேர்ந்தது, ஆக்னஸ் ஜோக்கிம் பெயர் தாங்கிய ஒரு கலப்பின ஆர்க்கிட். அழகிய பூதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மண்ணுக்குரியவையாகப் பதிவான 200-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்களில் பெரும்பாலானவை அங்கிருந்து மறைந்துவிட்டன. காரணம் காடு போனது, முதிர்ந்த மரங்கள் போனது. அந்த மரங்களை எந்தக் குடுவையிலும் வளர்க்க முடியாது. புலி ஆர்க்கிட்டுக்குத் தேவை சொரசொரப்பான பட்டையும் அகன்ற கிளையும். அவை வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நகர நிர்வாகங்கள் செய்ய வேண்டியதில் செலவே இல்லாத ஒன்று உண்டு. கிளை கழிக்க ஏணியோடு போகிறவரிடம் இந்தச் செடியின் படத்தைக் கொடுத்து, இது புல்லுருவி அல்ல, சுரண்டாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.