பச்சையா, நீலமா? நிறத்தை மட்டும் நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதன் பின்பக்கத்தைப் பார்த்ததும் சற்றுத் தயங்குவார்கள். எத்தனை துளைகள், எத்தனை கேபிள்கள்! அவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான். "பயப்படாதீர்கள். வற்புறுத்தித் திணிக்காதவரை, தவறான துளையில் பிளக் நுழையாது." மானிட்டருக்கான விஜிஏ கேபிளின் முனை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். அதனைத் தலைகீழாகச் செருக முடியாது. கனெக்டரின் வடிவமே உங்களுக்குக் காவல்.

ஆனால் ஒரு கேபிளுக்கு மட்டும் இந்த அறிவுரையை நான் சொல்வதில்லை. அது, இன்டர்நெட் இணைப்புக்காக உங்கள் வீட்டுக்குள் வரும் பைபர் கேபிள். இதன் கனெக்டர் தவறான துளையிலும் அழகாக நுழையும். "கிளிக்" என்று சத்தமும் தரும். பிறகு இன்டர்நெட் தடுமாறும். ஏன் என்று உங்களுக்குத் தெரியாது.

இந்தக் கனெக்டரின் உள்பகுதியை வடிவமைத்த பொறியாளர்களுக்கு எவ்வளவு பாராட்டும் தகும். ஆனால் அதன் வெளிப்பகுதி, வீட்டில் பயன்படுத்தும் சாதாரண மனிதர்களை நினைத்துச் செய்யப்படவில்லை என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

உள்ளே என்ன இருக்கிறது?

பைபர் கேபிளில் செல்வது மின்சாரம் அல்ல, ஒளி. ஒளியைச் சுமக்கும் கண்ணாடி இழையின் மொத்தக் குறுக்களவு 125 மைக்ரான். அதாவது 1 மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அந்த இழை முழுவதிலும் ஒளி செல்வதில்லை. நடுவில் உள்ள சுமார் 9 மைக்ரான் அளவுள்ள கரு வழியாகத்தான் செல்கிறது. நம் தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமனானது.

இரண்டு செப்புக் கம்பிகளை முறுக்கி வைத்தால் மின்சாரம் பாய்ந்துவிடும். ஆனால் இரண்டு கண்ணாடி இழைகளைச் சேர்க்க, ஒன்றின் 9 மைக்ரான் கருவுக்கு நேராக மற்றதன் 9 மைக்ரான் கரு நிற்க வேண்டும். சிறிது விலகினாலும் ஒளியின் ஒரு பகுதி வீணாகும்.

இதற்காகக் கனெக்டரின் நடுவில் பெரூல் என்ற வெள்ளை நிறக் குச்சி ஒன்று இருக்கிறது. இது சிர்கோனியா என்ற கடினமான பீங்கானால் ஆனது. அதன் மையத் துளையில் இழை ஒட்டப்பட்டு, முனை பளபளப்பாகத் தீட்டப்பட்டிருக்கும். வீடுகளில் அதிகம் காணப்படும் சதுர வடிவ எஸ்.சி. கனெக்டரில் பெரூலின் குறுக்களவு 2.5 மில்லிமீட்டர். எல்.சி. என்ற சிறிய கனெக்டரில் 1.25 மில்லிமீட்டர். எஸ்.சி. கனெக்டரை 1980களில் உருவாக்கியது ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம்.

இரண்டு கனெக்டர்களை இணைக்கும்போது இரண்டு பெரூல்களும் ஒரு சிறு குழாய்க்குள் எதிரெதிரே நுழைகின்றன. நீளவாக்கில் பிளவுள்ள அந்தக் குழாய் இரண்டையும் இறுகப் பிடித்து ஒரே நேர்கோட்டில் நிறுத்துகிறது. கனெக்டருக்குள் உள்ள ஸ்பிரிங், சுமார் 1 கிலோ எடை அழுத்தும் அளவு விசையுடன் முனைகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. நடுவில் காற்று இருக்கக்கூடாது என்பதற்காகவே இத்தனையும். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும்.

ஏன் இரண்டு நிறங்கள்?

நீல நிறக் கனெக்டர் யு.பி.சி. வகை. இதில் பெரூலின் முனை மிக லேசான குவிவுடன் நேராகத் தீட்டப்பட்டிருக்கும். இரண்டு நீல முனைகள் சேர்ந்தால் லட்சத்தில் ஒரு பங்கு அளவு ஒளியே திரும்பும்.

பச்சை நிறக் கனெக்டர் ஏ.பி.சி. வகை. இதில் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். சாய்வில் மோதித் திரும்பும் ஒளி, வந்த பாதையில் செல்லாமல் பக்கவாட்டில் சிதறிப் போகும். எனவே பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் கரு வழியே திரும்பும். திரும்பி வரும் ஒளி, அனுப்பும் லேசரையே குழப்பக்கூடியது. டி.வி. ஒளிபரப்பையும் சேர்த்து அனுப்பும் இணைப்புகளில் இது பெரிய தொல்லை. அதனால்தான் இந்தச் சாய்வு.

நீலத்தோடு நீலம் சேர்ந்தால் குறையில்லை. பச்சையோடு பச்சை சேர்ந்தாலும் குறையில்லை. பச்சையும் நீலமும் சேர்ந்தால்தான் வம்பு. ஒன்று சாய்வு, மற்றது நேர். சாய்ந்த முனையின் ஓரம் மட்டும் இடிக்கும். நடுவில், ஒளி செல்லும் இடத்தில், இடைவெளி விழும். பல டெசிபல் ஒளி அங்கேயே வீணாகும். ஓரம் இடிப்பதால் முனைகளில் கீறல் விழவும் வாய்ப்புண்டு.

இவ்வளவு வேறுபாடுள்ள இரண்டு வகைக்கும் ஒரே உருவம், ஒரே அளவு, ஒரே துளை. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எஸ்.சி. கனெக்டரின் ஒரு பக்கத்தில் சிறு மேடு ஒன்று இருப்பதைப் பார்க்கலாம். கனெக்டர் ஒரு திசையில் மட்டும் நுழைய வேண்டும், சாய்வும் சாய்வும் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக அதை வைத்திருக்கிறார்கள். திசை மாறாமல் காக்க வடிவத்தைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள், வகை மாறாமல் காக்க அதைப் பயன்படுத்தவில்லை. பச்சைக்கு அந்த மேட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் போதும். நீலத் துளையில் அது நுழைந்தே இருக்காது.

கம்ப்யூட்டர் உலகம் இந்தத் தவற்றை முன்பே ஒரு முறை செய்தது. பழைய கம்ப்யூட்டர்களில் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஒரே மாதிரியான பி.எஸ்./2 வட்டத் துளைகள் இருந்தன. மாற்றிச் செருகிவிட்டு "கீபோர்டு வேலை செய்யவில்லை" என்று தவித்தவர்கள் ஏராளம். 1990களின் இறுதியில் பி.சி.99 என்ற வழிகாட்டி, கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என நிறம் கொடுத்தது. அதுவும் அரைகுறைத் தீர்வுதான். யு.எஸ்.பி. வந்த பிறகே தொல்லை ஒழிந்தது. ஏனெனில் அதில் எந்தத் துளையில் செருகினாலும் சரிதான்.

நிறம் மட்டும் காவல் என்றால் என்ன ஆகும்? பைபர் மோடம் பெரும்பாலும் பீரோ மேலோ, டி.வி.க்குப் பின்னாலோ இருட்டில் இருக்கிறது. துளை மோடத்தின் அடியில் இருக்கும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றுகிறோம். பிறகு கைக்குக் கிடைத்ததைச் செருகுகிறோம். நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

"பக்கத்து வீட்டில் வேலை செய்கிறதே!"

தவறாக இணைத்தால் இன்டர்நெட் அடியோடு நின்றுவிட்டால் கூட நல்லது. உடனே தெரிந்துவிடும். ஆனால் சில வீடுகளில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். அதற்குச் சிறு கணக்கு ஒன்று உண்டு.

ஒளியின் அளவை டி.பி.எம். என்ற அலகில் சொல்வார்கள். 0 என்றால் 1 மில்லிவாட். மைனஸ் 10 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 20 என்றால் நூறில் ஒரு பங்கு. 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். ஜிபான் முறையில் பரவலாக உள்ள பி பிளஸ் வகையில், வீட்டு மோடத்துக்கு மைனஸ் 27 வரை ஒளி கிடைத்தால் போதும்.

தவறான இணைப்பால் 4 டெசிபல் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு மைனஸ் 18 வருகிறது. அது மைனஸ் 22 ஆகும். ஒன்றும் தெரியாது. அடுத்த தெருவில் இன்னொரு வீட்டுக்கு மைனஸ் 24 வருகிறது. அது மைனஸ் 28 ஆகும். மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும், அல்லது இணைப்பு விட்டு விட்டு வரும். இரண்டு வீட்டிலும் செய்தது ஒரே தவறுதான். ஆனால் ஒருவர் மட்டும் மோடத்தை மாற்றி, கம்ப்யூட்டரை பார்மட் செய்து, பணத்தைச் செலவழித்துக்கொண்டிருப்பார்.

தூசியின் கதையும் இதுதான். 9 மைக்ரான் கருவின் மேல் 5 மைக்ரான் தூசி ஒன்று அமர்ந்தால் பாதையில் பாறை விழுந்தது போல. ஸ்பிரிங் அழுத்தும் விசையில் அந்தத் தூசி நசுங்கிக் கண்ணாடியில் பதிந்தும்விடலாம். எனவேதான் ஒவ்வொரு முறை இணைப்பதற்கு முன்பும் முனையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார்கள். சட்டை நுனியில் துடைத்துவிட்டுச் செருகுவது சுத்தம் செய்வது ஆகாது.

நிறுவனங்கள் சொல்லக்கூடிய பதில்

"பைபர் கேபிளை வாடிக்கையாளர் தொடவே கூடாது. எங்கள் டெக்னீஷியன் வந்து பார்த்துக்கொள்வார்" என்பார்கள். அலுவலகத்தில் இது சரி. வீட்டில் சரிவராது. வீட்டில் மேசையை நகர்த்துவோம், பெயின்ட் அடிப்போம், வீடு மாறுவோம். குழந்தை இழுக்கும், எலி கடிக்கும். தொடக்கூடாத ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, தொட்டதற்கு நம்மைக் குறை சொல்வது நியாயமில்லை.

"உலகம் முழுவதும் இந்த வடிவம் பரவிவிட்டது. இனி மாற்ற முடியாது" என்றும் சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஒரே அச்சில் வார்த்தால் செலவு குறையும் என்பதும் சரி. ஆனால் நான் கேட்பது உலகத் தரத்தை மாற்றச் சொல்லி அல்ல. வீட்டுக்குள் வரும் கடைசி இணைப்பில் மட்டும் மூன்று சிறு ஏற்பாடுகள்.

முதலாவது, சுவரில் ஒரு சிறு பெட்டி. தெருவிலிருந்து வரும் கேபிள் அதற்குள் முடிய வேண்டும். அங்கிருந்து மோடத்துக்கு ஒரு தனி பேட்ச் கார்டு. அது பழுதானால் புதியது வாங்கி மாட்டலாம். தெருக் கேபிளின் முனையே பழுதானால் டெக்னீஷியன் வந்து புதிய முனை போடும் வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நிறத்தோடு எழுத்தும் வேண்டும். கனெக்டரிலும் துளைக்கு அருகிலும் ஏ.பி.சி. அல்லது யு.பி.சி. என்று விரலால் தடவினால் தெரியும்படி பொறிக்கலாம்.

மூன்றாவது, துளையைத் தூசியிலிருந்து காக்க, தானாக மூடிக்கொள்ளும் கதவு. இத்தகைய அடாப்டர்கள் ஏற்கனவே சந்தையில் உள்ளன. வீட்டு மோடங்களிலும் அவை வரவேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை

* உங்கள் மோடத்தின் துளையும் கேபிளின் கனெக்டரும் என்ன நிறம் என்று இன்றே டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் டெக்னீஷியனை அழைத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். நிறத்தை ஒரு தாளில் எழுதி மோடத்தின் மேல் ஒட்டி வையுங்கள்.

* புதிய இணைப்பு தரும்போது "முனையைச் சுத்தம் செய்தீர்களா?" என்று கேளுங்கள். இதற்கெனப் பேனா போன்ற கருவி இருக்கிறது. கேட்பதில் தவறில்லை, பணம் கொடுப்பது நீங்கள்.

* வந்து சேரும் ஒளியின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல மோடங்களில் நீங்களே பார்க்கலாம். மோடத்தின் அடியில் உள்ள லேபிளில் அதன் முகவரி இருக்கும். அதனை பிரவுசரில் டைப் செய்து திறந்து, ஆர்.எக்ஸ். பவர் என்ற வரியைத் தேடுங்கள். பிறகு கோளாறு வந்தால் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். 3 டெசிபலுக்கு மேல் குறைந்திருந்தால் கம்ப்யூட்டரைக் குறை சொல்லாதீர்கள்.

* கழற்ற வேண்டிய கட்டாயம் வந்தால் கேபிளைப் பிடித்து இழுக்காதீர்கள். கனெக்டரின் வெளி உறையைப் பிடித்து நேராக இழுக்கவும். கழற்றியவுடன் முனைக்கும் துளைக்கும் மூடி போடவும். முனையில் விரல் படக்கூடாது.

* கனெக்டரின் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. வருகிறதா, இல்லையா என்று பார்த்து அறிய முடியாது. கண்ணுக்குத் தீங்கு மட்டும் வரலாம்.

* டெக்னீஷியன் வெட்டிப் போடும் இழைத் துண்டுகள் கண்ணாடி ஊசிகள். டேப்பில் ஒட்டி எடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். குழந்தைகள் தவழும் தரையில் விடாதீர்கள்.

இவை எதற்கும் பொறியியல் படிப்பு தேவையில்லை. கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை எப்படி மாட்டுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்கிறோம். அதை யாரோ ஒருவர் வீட்டில் வந்து காட்டிக் கொடுத்ததால்தான் தெரிந்தது. பைபர் இணைப்பு தருபவர்களும் போகும்போது இரண்டு நிமிடம் செலவழித்து இந்தப் பச்சை, நீல விஷயத்தைக் காட்டிக் கொடுக்கட்டும். அவர்கள் மறந்தால், நீங்கள் கேளுங்கள்.