சிரித்தால் போதுமா?

"ஜனங்கள் சிரிக்கிறார்கள், ஸார், அப்புறம் என்ன?" ஹாஸ்ய நாடகத்தைப் பற்றி வாய் திறந்தால் சபாக்காரர்கள் சொல்லும் பதில் இது. சிரித்தது வாஸ்தவம்தான். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோம் என்று கேட்கக் கூடாதா?

அண்மையில் பார்த்த நாடகம் ஒன்றைச் சொல்கிறேன். குழுவின் பெயர் வேண்டாம். இது ஒரு குழுவோடு நிற்கிற வியாதி அல்ல. சம்பளம் போதாமல் தவிக்கும் ஒரு குமாஸ்தாவின் வீடு என்று வசனம் சொல்கிறது. மேடை நடுவிலோ கல்யாண ரிஸப்ஷனுக்குப் போட்டாற்போல் சிவப்பு வெல்வெட் ஸோபா! கடன்காரன் வந்து கத்துகிறான். நமக்குப் பயமே வரவில்லை. அந்த ஸோபாவை விற்றாலே பாதிக் கடன் தீர்ந்துவிடுமே!

நடிப்பு? எல்லோரும் மைக்குக்கு நேராக வரிசையில் நிற்கிறார்கள். அப்பா பெண்ணைத் திட்டுகிறார், நம்மைப் பார்த்து. ஒரு வரி சொல்லிவிட்டுச் சிரிப்புக்குக் காத்திருக்கிறார்; வராவிட்டால் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்கிறார். மற்றவர்கள் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி நிற்கிறார்கள். வேலைக்காரியாக வந்த பெண் ஒருத்தி மட்டும், கடன்காரன் குரல் கேட்டதும், துடைத்துக் கொண்டிருந்த வெள்ளி டம்ளரைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக் கொண்டாள். வசனம் கிடையாது. அதற்கு எழுந்த சிரிப்பு வேறு ரகம். இதை டைரக்டர் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்தவராக இருந்தால் மற்றவர்களை அப்படி விட்டிருப்பாரா?

ருஷ்யாவில் 1836-ல் கோகோலின் 'இன்ஸ்பெக்டர் ஜெனரல்' மேடையேறியபோதும் ஜனங்கள் சிரித்தார்கள். சக்கரவர்த்தி நிக்கலஸே சிரித்தார். ஆசிரியர் மட்டும் மனம் நொந்து போனார். கதாநாயகனை வழக்கமான கோமாளிப் பொய்யனாக்கி விட்டார்களே என்று அவருக்கு ஆற்றாமை. சிரிக்க வைக்கும் நினைப்பை விட்டுவிட்டு, பாத்திரத்தின் கவலையிலேயே நடிகன் முழுகினால் சிரிப்பு தானே வரும் என்று பின்னால் எழுதி வைத்தார். கடைசிக் காட்சியில் அத்தனை பேரும் சிலையாக ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம் நிற்க வேண்டுமென்பது அவர் கட்டளை. நம் மேடையில் அப்படி நின்றால் மைக் கெட்டுவிட்டதென்று ஆள் ஓடி வருவான்!

ருஷ்யா எதற்கு என்பீர்கள். சரி, பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' இருக்கிறதே. எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். 1941-ல் அது படமானபோது வேலைக்காரனாக வந்தவர் காளி என். ரத்னம். தான் தமாஷ் செய்கிறோம் என்ற நினைப்பு அந்த முகத்தில் எங்காவது தெரிகிறதா, பாருங்கள். எஜமான் சொன்னதைச் சிரத்தையாகச் செய்கிறான்; குட்டிச்சுவராகிறது. அவ்வளவுதான்.

ஆபீஸ் விட்டு வந்து ஒத்திகை பார்க்கிறோம், ஸீன் கட்ட இரண்டு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை என்கிறார்கள். கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸோபாவைத் தூக்கிவிட்டு ஒரு பழைய பிரம்பு நாற்காலி போட எத்தனை மணி நேரம் ஆகும்? பெண்ணைத் திட்டுகிற அப்பாவை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத் திட்டச் சொல்வதற்கு?