புத்தகமாகப் போனால் ஓகே, ஃபிளாப்பியில் போனால் ஆயுதமா?

1994-ல் ஃபில் கார்ன் என்ற அமெரிக்க இன்ஜினீயர், தன் நாட்டு வெளியுறவுத் துறையிடம் ஒரு கேள்வி கேட்டார். புரூஸ் ஷ்னையர் எழுதிய ‘அப்ளைடு கிரிப்டோகிராஃபி’ புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? தாராளமாக அனுப்பலாம் என்று பதில் வந்தது. சரி, அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் அச்சாகியிருக்கும் அதே சோர்ஸ் கோடை ஃபிளாப்பியில் போட்டு அனுப்பினால்? கூடாது, அது ராணுவத் தளவாடம்!

ஜோக் இல்லை. பீரங்கியும் ஏவுகணையும் இருந்த ஏற்றுமதிப் பட்டியலில்தான் அப்போது என்க்ரிப்ஷன் சாஃப்ட்வேரும் இருந்தது. என்க்ரிப்ஷன் என்றால், சாவி வைத்திருப்பவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி தகவலை மாற்றிவிடுவது. இன்று உங்கள் வாட்ஸ்அப் சாட்டைக் காப்பது அதுதான்.

1991-ல் ஃபில் ஸிம்மர்மேன், இமெயிலைப் பூட்டும் ‘பிஜிபி’ சாஃப்ட்வேரை இலவசமாக வெளியிட்டார். இணையத்தில் வந்தது எல்லையில் நிற்குமா? வெளிநாடுகளுக்கும் போய்விட்டது. ஏற்றுமதி விதியை மீறினாரா என்று சுமார் 3 ஆண்டுகள் விசாரித்துவிட்டு, 1996-ல் வழக்கே போடாமல் கைவிட்டார்கள். அதற்குள் எம்ஐடி பதிப்பகம் பிஜிபியின் சோர்ஸ் கோடை அப்படியே புத்தகமாக அச்சிட்டு விற்றது. 1997-ல் வந்த அடுத்த வெர்ஷனும் 6,000 பக்கங்களுக்கு மேல் அச்சாகி ஐரோப்பா போனது. அங்கே தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, மறுபடி சாஃப்ட்வேர் ஆக்கினார்கள். சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை!

‘குற்றவாளிகள் கைக்கும் போகுமே’ என்ற கவலை நியாயமானதுதான். ஆனால், இந்தத் தடையால் உண்மையில் மாட்டிக்கொண்டது சாதாரண மக்கள். அமெரிக்கர்களுக்கு 128 பிட் சாவியுடன் வந்த நெட்ஸ்கேப் பிரவுசர், வெளிநாட்டுக்கு 40 பிட் சாவியுடன்தான் வந்தது. அப்போது சென்னையிலிருந்து அதை டவுன்லோடு செய்தவருக்கும் சொத்தைப் பூட்டுதான். அந்த பிரவுசர்களோடு பேசுவதற்காக சர்வர்களிலும் பலவீனமான பூட்டை வைக்க வேண்டியிருந்தது.

2000-ல் விதிகள் பெருமளவு தளர்ந்தன. பழைய பூட்டை மட்டும் பலரும் கழற்றவே இல்லை. 2015-ல் ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆண்ட்ராய்டு பிரவுசரையும் ஐபோன் சஃபாரியையும் ஏமாற்றி, அந்த 90-களின் பூட்டையே போடவைக்க முடிந்தது. அதை உடைக்க அமேசான் கிளவுடில் சுமார் 100 டாலர் வாடகையும் சில மணி நேரமும் போதும். ‘ஃப்ரீக்’ என்று பெயர் வைத்தார்கள்.

அப்படி மாட்டிய இணையதளங்களில் ஒன்று, வலுவான என்க்ரிப்ஷன் வெளியே போகக்கூடாது என்று அந்தக் காலத்தில் அடம்பிடித்த அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவுடையது.