தவறணையைத் திறந்தது யார்?

தோழர்களே,

சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனோம். கிராண்ட் ஹோட்டல் வாசலில் நின்று அதன் கதையைச் சொன்னோம். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் குளிர் தேடி வந்து தங்கக் கட்டிய மாளிகை அது. 1891 இல் ஹோட்டலானது.

ஒரு பையன் கேட்டான்: “அப்ப நம்ம டவுன் தவறணைய யாரு சேர் தொறந்தது?”

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பள நாள் இரவில் தகப்பனைத் தேடி அந்த வாசலில் நிற்பவன் அவன்.

குடி தோட்டத்து ஆளின் பிறவிக் குணம் என்று சொல்வோர் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது மலைநாட்டில் தவறணைகளும் பெருகின. ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை வெள்ளைக்கார அரசாங்கம் ஏலத்தில் விட்டது. கூடிய விலைக்கு எடுத்த குத்தகைக்காரர், போட்ட பணத்தை மீட்க, கூலிக்காசு புழங்கும் இடம் பார்த்துக் கடை போட்டார். அரசாங்கத்துக்கு வருமானம், அவருக்குச் சொத்து. சாராயக் குத்தகையில் எழுந்த பெரும் குடும்பங்கள் இந்நாட்டில் உண்டு. 1912 இன் மதுவரிச் சட்டத்தோடு முறை மாறியது. இன்று அனுமதிப்பத்திரம் கொடுப்பது மதுவரித் திணைக்களம். காசு போகும் வழி மட்டும் மாறவில்லை.

மழையில் நனைந்து மலையேறியவர் உடம்பு வலிக்குக் குடிக்கிறார் என்பது எங்களுக்கும் தெரியும். அவரைத் திட்ட இதை எழுதவில்லை. ஆனால் வேலைநிறுத்தம் செய்து கூட்டிய சம்பளம் ஒரே இரவில் தவறணை மேசைக்குப் போனால், நாம் யாருக்காகப் போராடினோம்?

சம்பள உயர்வு கேட்கும் சங்கம் இதையும் கையில் எடுக்க வேண்டும். லயத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ பக்கத்தில் புதுத் தவறணை வருகிறதென்றால், தோட்டக் கமிட்டி பிரதேச செயலாளருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கட்டும். முதல் கையெழுத்து மாதர் தலைவியுடையதாக இருக்கட்டும். பிரித்தானியர் காலத்திலேயே வாக்களித்துத் தவறணையை மூடிய ஊர்கள் இந்நாட்டில் உண்டு.

அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பையனுக்கு இந்தக் கதையைச் சொன்னோம். “அப்ப நம்மளால மூடவும் முடியுமா சேர்?” என்றான்.

முடியும் என்று சொல்லிவிட்டோம். அந்தச் சொல்லைக் காப்பாற்றும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு தோழர்களே.